தோச்சிசாவாக் கல்லில் இரண்டு பெயர்கள்

1973 மார்ச் 18
மேற்குக் குன்றுக் கிராமம், ஹெய்லோங்ஜியாங்

தோச்சிசாவாவில் மியாஷிதா வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு,

நான் மிசாவோ.

அப்பா இருந்தால் அப்பா படிக்கட்டும். இல்லையென்றால் தொகுஜி படிக்கட்டும். அவனும் இல்லையென்றால் இதைப் பிரித்தவர் தயவுசெய்து மியாஷிதா வீட்டாரைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்.

எழுத்து கோணலாக இருக்கும். இத்தனை வருஷமாக நம் மொழியில் பேச ஆள் இல்லை. வீட்டு மாட்டிடம் பேசினேன். அதுவும் போன குளிரில் செத்துவிட்டது.

நான்தான் என்பதற்கு ஓர் அடையாளம். தொகு, அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கிணற்றில் போட்டது நீ. போட்டது நான்தான் என்று சொல்லி அடி வாங்கினேன். இது நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன வருஷம் சீனாவும் நம் நாடும் கைகுலுக்கிக்கொண்டதாக ரேடியோவில் சொன்னார்கள். இனி வீட்டுக்கு எழுதலாம் என்று கம்யூன் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆறு மாதம் யோசித்தேன். என்ன எழுதுவது என்பதை அல்ல, எந்த முகத்தோடு எழுதுவது என்பதை.

எனக்கு இங்கே லியூ என்ற வண்டிக்காரருடன் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர். இரண்டு குளிர்களுக்கு முன்னால் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள். மூவருக்கும் நம் மொழி தெரியாது.

ஒரு தடவை வந்து அம்மாவைப் பார்க்க வேண்டும். அதற்கு என் வீட்டார் அங்கிருந்து கேட்டு எழுதிக் காகிதம் அனுப்ப வேண்டுமாம். இவள் எங்கள் பெண், வரட்டும் என்று.

இங்கே 1973. அங்கே பேரரசரின் ஷோவா ஆண்டுக்கணக்கு இன்னும் நடக்கிறதா?

மிசாவோ


ஷோவா 48, மே 9
தோச்சிசாவா

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மல்பெரி துளிர்த்து மலையெங்கும் இளம்பச்சை படரும் இக்காலத்தில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இவ்வருடம் பனி தாமதமாக உருகியதால் நாற்று விடுவதும் சற்றுத் தள்ளிப்போயிற்று. இரண்டு நாட்களாகத் தூறல்.

தங்கள் கடிதம் ஏப்ரலில் வந்து சேர்ந்தது. மிகுந்த வியப்பும் மகிழ்ச்சியும் அடைந்தேன்.

அப்பா ஷோவா 38இல் காலமானார். அம்மா அதற்கு இரண்டு வருடம் கழித்து. கடைசி வரை வலி அதிகம் இல்லை. நான் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி பெயர் இகுயோ. ஒரு மகன், உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான்.

காகிதம் குறித்து விசாரிக்க வேண்டும். நடைமுறை சற்றுச் சிக்கலானது என்று கேள்விப்படுகிறேன். வசந்தகாலப் பட்டுப்புழு வளர்ப்பு முடியும் வரை எல்லோருக்கும் வேலை மும்முரம் என்பதால் தங்கள் கடிதம் பற்றி ஊரில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

தங்களோடு மஞ்சூரியா போனவர்களுக்காக ஊரில் ஒரு நினைவுக் கல் எழுப்பியிருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு மேலே, கோயில் படிகளின் பக்கம். தாங்கள் அறிந்தால் ஆறுதல் அடைவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

உடல்நலம் பேணவும்.

தொகுஜி


1973 ஜூலை 2

தொகு,

அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன். அம்மாவுக்காக அழுதேன். அப்பாவுக்காக அழுகை வருமா என்று பார்த்தேன். இன்னும் தெரியவில்லை.

பாதிக் கடிதம் மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய். நீ போட்ட "தாங்கள்" எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மூட்டை வரும். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது என் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்த பையன் நீ. நான் உங்கள் சங்கத்துக்குக் கடன் கேட்டு வந்தவள் இல்லை.

ஒன்று புரியவில்லை. பட்டுப்புழு வேலை இருந்தால் அக்கா உயிரோடு இருப்பதைச் சொல்ல முடியாதா? புழுவுக்கு இலை போட்டுக்கொண்டே சொல்லலாமே.

அந்தக் கல்லில் யார் யார் பேர் இருக்கிறது? யார் திரும்பி வந்தார்கள்? இங்கே எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் அவர்களோடு நடந்தவள். போர் முடிந்த வருஷம் ஆண்களை எல்லாம் ஜூலையில் படைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆகஸ்டில் எல்லையைத் தாண்டி எதிரியின் டாங்கிகள் வந்தபோது நம் படை எங்களுக்கு முன்னாலேயே ரயில் ஏறிப் போய்விட்டிருந்தது. பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் சோளக்காட்டில் நடந்தோம். யார் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சோளக்காடு அறுவடையாகும் ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்வேன்.

கல்லின் படம் ஒன்று அனுப்பு. எழுத்துகள் தெரிகிற மாதிரி.

காகிதம் என்ன ஆயிற்று?

மிசாவோ


ஷோவா 48, ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

கேட்ட படம் இத்துடன்.

இங்கே வெயில் கடுமை.

தொகுஜி


1973 அக்டோபர் 7

தொகுஜி,

படம் வந்தது. மூத்த மகன் பள்ளியிலிருந்து பூதக்கண்ணாடி வாங்கி வந்தான். எண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பேராகப் படித்தேன். படித்த பேருக்கெல்லாம் ஒரு முகம் வந்தது. சிலருக்கு முகம் வரவில்லை, செருப்பு மட்டும் வந்தது.

நாலாவது வரிசையில் மியாஷிதா மிசாவோ.

முதலில், நம் ஊரில் இன்னொரு மிசாவோ இருந்தாளா என்று யோசித்தேன். அப்புறம் மகளைக் கூப்பிட்டு, "இங்க பாரு, அம்மா பேரு" என்றேன். அவள் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா. உனக்குப் பரிசு ஏதாவது குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

வெட்டியவர் நன்றாக வெட்டியிருக்கிறார்.

நீ எழுதாமல் படத்தை அனுப்பினாய். நானே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதானே? அது எனக்குப் புரிகிறது. கோபம் வரவில்லை என்று எழுத நினைத்தேன். மூன்று நாள் காத்துப் பார்த்தேன். வருகிறது.

யார் சொன்னார்கள், நான் செத்தேன் என்று? உடம்பைப் பார்த்தது யார்?

இன்னொன்று. இதை உட்கார்ந்து படி.

என் பேருக்குக் கீழே ஐந்து பேர் தள்ளி ஓஸாவா வீடு. ஹிசா. அவள் மகள் நோபுகோ. கைக்குழந்தை யசுவோ. ஹிசா என் கைக்குப் பக்கத்தில் இறந்தாள். யசுவோ அதற்கு முன்பே. நோபுகோ இறக்கவில்லை.

இங்கிருந்து மாட்டு வண்டியில் அரை நாள் தூரத்தில் இருக்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். கொண்டுபோய் விட்டவள் நான்தான். இந்தக் கடிதத்தை நம்மைத் தவிர யாராவது படிப்பார்களா என்று தெரியாது. அதனால் அவளுடைய இப்போதைய பேரை எழுத மாட்டேன். தான் யார் என்று அவளுக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. சந்தையில் பார்த்தால் சிரிப்போம். அவ்வளவுதான்.

அவள் அப்பா கென்ஸாகு படைக்குப் போனவர். அவர் பேர் கல்லில் இல்லை. அப்படியானால் திரும்பி வந்துவிட்டாரா? இருந்தால் அவரிடம் சொல்.

மிசாவோ


ஷோவா 48, டிசம்பர் 15

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பல தடவை தொடங்கினேன். பனியைப் பற்றித் தொடங்கிக் கிழித்தேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். யாரும் உடம்பைப் பார்க்கவில்லை. ஷோவா 34இல் ஒரு சட்டம் வந்தது. சீனாவிலிருந்து தகவலே இல்லாதவர்களை இறந்தவர்களாக அறிவிக்கலாம், குடும்பத்தார் ஒப்புக்கொண்டால். ஒவ்வொரு வீட்டிலும் ஒப்புக்கொண்டார்கள். அப்பா முத்திரையை என்னிடம் நீட்டினார். நான் முத்திரை வைத்தேன்.

கல் அதற்கு அடுத்த வருடம் வந்தது.

அக்கா போன பிறகு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அப்பா ஊர்த் துணைத் தலைவராக இருந்தபோது சாயங்காலம் சாயங்காலம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்ததுதான் தெரியும். நிலம் போதாத ஊர் இது, மஞ்சூரியாவில் ஒரு வீட்டுக்கு ஒரு சமவெளி, பாதி ஊர் போனால் மீதி ஊர் பிழைக்கும் என்று பேசினார். யாரும் அசையவில்லை. அப்புறம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என் பெண்ணையே அனுப்புகிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பேர் கொடுத்தார்கள்.

போர் முடிந்து சிலர் மட்டும் திரும்பினார்கள். அப்பாவை யாரும் திட்டவில்லை. நடவுக்கு ஆள் வரவில்லை. கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. தீப்பிடித்தால் கூப்பிடுவார்கள், சாவுக்குக் கூப்பிடுவார்கள். மற்ற எதற்கும் இல்லை. நான் பள்ளியிலிருந்து வரும்போது எதிரே வருகிறவர்கள் வரப்பு மாறி நடப்பார்கள். பதினான்கு வருடம் அப்படி இருந்தோம்.

கல் திறந்த அன்று உங்கள் பெயரையும் வாசித்தார்கள். கென்ஸாகு மாமா அப்பா பக்கம் வந்தார். சைபீரியாச் சிறைமுகாமிலிருந்து வந்ததிலிருந்து அப்பாவோடு அவர் ஒரு சொல் பேசியதில்லை.

"உங்க வீட்லயும் ஒண்ணு போச்சு" என்றார்.

அப்பா தலைகுனிந்து நின்றார். மாமா உங்கள் பெயருக்கு ஒரு ஊதுபத்தி கொளுத்தினார். அந்த வருடம் நடவுக்கு ஆள் வந்தார்கள். ஆகஸ்ட் நினைவுக் கூட்டத்தில் எங்களை முன் வரிசையில் நிற்கச் சொன்னார்கள், ஆளை இழந்த வீட்டார் நிற்கிற வரிசையில். நான் இப்போதும் அங்கேதான் நிற்கிறேன்.

இப்போது அக்கா உயிரோடிருக்கிறார் என்று சொன்னால் என்ன ஆகும்? ஊரையே அனுப்பிவிட்டு ஒருவரையும் இழக்காத வீடு என்றாகும். என் மகன் இங்கேதான் வாழ வேண்டும்.

கென்ஸாகு மாமா இருக்கிறார். வேறு கல்யாணம் செய்யவில்லை. மாதத்தில் முதல் ஞாயிறு கல்லைப் பெருக்குவார். பழைய பல்துலக்கியால் எழுத்துகளில் இருக்கும் பாசியைச் சுரண்டுவார். போன வாரம் வழியில் பார்த்தபோது என்னை நிறுத்தினார்.

"தொகு, உங்க அக்கா பேருக்கு மட்டும் பாசி சீக்கிரம் வருதுடா. தண்ணி அந்தப் பக்கமா வழியுது போல."

"நான் பார்த்துக்கறேன் மாமா."

"நீ பார்க்க மாட்ட. சங்கத்துக்காரன் நீ. நானே பார்க்கறேன்."

அந்த மனிதரிடம் போய் நான் என்ன சொல்வது? நோபுகோ உயிரோடு இருக்கிறாள் என்றால், யார் சொன்னது என்பார்.

தயவுசெய்து கொஞ்ச காலம் பொறுக்கவும்.

தொகுஜி


1974 பிப்ரவரி 11

தொகுஜி,

"அக்கா போன பிறகு" என்று எழுதியிருக்கிறாய். நான் போகவில்லை. அனுப்பப்பட்டேன். முதல் நாள் ராத்திரி அப்பா என் முன்னால் உட்கார்ந்து தரையில் நெற்றி படக் குனிந்தார். பெற்ற அப்பா அப்படிக் குனிந்தால் ஒரு பெண் என்ன சொல்ல முடியும்? மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்து வைத்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

அப்பாவுக்கு நடந்ததைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. உனக்கு நடந்ததைப் படித்தபோது இன்னும் அதிகமாக. வரப்பு மாறி நடப்பதை நான் இங்கே பார்த்திருக்கிறேன். சில வருஷங்களில் எதிரி நாட்டவள் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக் கூட்டத்தின் முன்னாலும் நின்றிருக்கிறேன். அதனால் உன்னைக் கோழை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. எழுத நினைத்தேன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நான் செத்ததால் உங்கள் வயலில் நாற்று நட்டார்கள். சரி. அது நடந்து முடிந்த காரியம். எனக்காக நீ முன் வரிசையை விட வேண்டாம். நான் வராவிட்டாலும் போகிறது. அம்மாவும் இல்லை.

ஆனால் அந்தக் குழந்தையின் கதையைக் கேள்.

குளிர்காலம். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் கிடந்தோம். தினமும் காலையில் சிலரை வெளியே தூக்கிக்கொண்டு போவார்கள். ஹிசாவுக்குக் காய்ச்சல். யசுவோ போய் நாலைந்து நாள் ஆகியிருந்தது. பக்கத்துக் கிராமத்துத் தச்சர் ஒருவர் வாசலில் வந்து நின்றார், குழந்தை இல்லாதவர். கையில் தினைக் கஞ்சிப் பானை. எதுவும் கேட்கவில்லை. ஊற்றிக் கொடுத்துவிட்டு நோபுகோவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஹிசா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நான் குடுக்கலை, மிசாவோ. குடுக்கறேன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நீ கூட்டிட்டுப் போயி அங்க வச்சிட்டு வா" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் கோட்டுக்குள் அவளை வைத்துப் பொத்தான் போட்டார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. திரும்பி வந்தபோது ஹிசா, "அழுதாளா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். "அப்ப சரி" என்றாள். அவளும் அந்த மாதத்தைத் தாண்டவில்லை.

இப்போது அந்தக் குழந்தையின் அப்பா அவள் பேரில் வருகிற பாசியைச் சுரண்டுகிறார். நீ வழியில் நின்று பார்க்கிறாய்.

என்னைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல ஒரு வழி இருந்தால் அப்படியே சொல். இல்லையென்றால் இரண்டையும் சொல். சொன்ன பிறகு எழுது. அதுவரை மழையையும் பனியையும் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

மிசாவோ


ஷோவா 49, மே 6

அக்கா,

சொல்லிவிட்டேன். நேற்று.

மற்றதை இப்போது எழுத முடியவில்லை.

தொகுஜி


ஷோவா 49, ஆகஸ்ட் 18

அக்கா,

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை இகுயோவும் படித்தாள். நான் மறைத்து வைத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. மேசை மேல்தான் கிடந்தது. படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டாள்: "உங்க அக்காவை இன்னும் எத்தனை தடவை சாகடிப்பீங்க?"

பனி உருகட்டும் என்று இருந்தேன். நாற்று விட்டு முடியட்டும் என்று இருந்தேன். மே மாதத்து முதல் ஞாயிறு படியேறிப் போனேன். மாமா குந்தி உட்கார்ந்து கீழ் வரிசையைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, எங்க அக்கா சாகலை."

அவர் துலக்கிக்கொண்டே இருந்தார். "யாரு சொன்னா?"

"அவங்களே எழுதியிருக்காங்க."

"எப்போ?"

"போன வருஷம்."

"போன வருஷம்னா?"

"ஏப்ரல்ல."

அவர் கை நின்றது. "அப்ப ஆகஸ்ட்ல முன் வரிசையில எதுக்குடா நின்ன?"

அவர் மீண்டும் துலக்க ஆரம்பித்தார். அப்படியே திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றியது. ஒன்று சொல்லியாயிற்றே, இன்னொன்றை அடுத்த மாதம் சொல்லலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

"இன்னொண்ணு இருக்கு மாமா" என்றேன். நோபுகோ என்றேன். நீங்கள் எழுதியதை எல்லாம் சொன்னேன். கஞ்சிப் பானை, கோட்டு, ஹிசா அத்தை கேட்டது.

அவர் பல்துலக்கியை வாளியில் அலசினார். பிறகு கேட்டார்:

"அவ இன்னும் இடது கையாலதான் சாப்பிடறாளா?"

"தெரியலை மாமா."

"அதுக்கு அடிச்சிருக்கேன். கேட்டு எழுது."

தண்ணீர் வாளியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். ஜூன் முதல் ஞாயிறு வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிரே வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள், நின்று பேசவில்லை.

ஜூலைக் கடைசியில் ஊர்க் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். பேரை வெட்டி எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். கல் வெட்டுகிறவர் தலையாட்டினார். "எடுத்தா அங்க பள்ளம் விழும். பேரை விடப் பள்ளம்தான் நல்லாத் தெரியும்." கடைசி வரிசையிலிருந்து யாரோ, "ஏன் அவசரப்படறீங்க? இன்னும் கொஞ்ச காலம் பொறுத்தா பேரு தானா சரியாயிடும்" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் அப்படிப் போயிற்று.

சுமி அத்தை ஞாபகம் இருக்கிறதா, மூன்று பேரை இழந்தவர். அவர் சிரிக்கவில்லை. "மியாஷிதா வீட்டுக்கு மட்டும் போனதெல்லாம் திரும்பி வந்துடும்" என்று தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கென்ஸாகு மாமா அப்போதுதான் வாய் திறந்தார். "புருஷன் செத்துப் பொண்டாட்டி இருந்தா, கல்லறையில ரெண்டு பேரோட பேரையும் வெட்டிட்டு, இருக்கறவ பேருக்குச் சிவப்பு பூசறோம்ல. அதையே பண்ணு."

அது வீட்டுக் கல்லறையில் செய்வது, ஊர்க் கல்லில் யாரும் செய்ததில்லை என்றார் தலைவர்.

"ஊர்க் கல்லுல உசுரோட இருக்கறவ பேரை வெட்டறது மட்டும் வழக்கமா?" என்றார் மாமா.

முந்தாநாள் ஆகஸ்ட் கூட்டம். எல்லோரும் வருவதற்கு முன் மாமா தன் மகளின் பெயருக்குச் சிவப்பு பூசி முடித்திருந்தார். கிண்ணத்தையும் தூரிகையையும் என்னிடம் நீட்டினார். எல்லோரும் வந்து சேரும் வரை காத்திருக்கும்படி சொன்னார். காத்திருந்தேன். அவர்கள் பார்க்க உங்கள் பெயருக்குப் பூசினேன். சிவப்பு ஓர் எழுத்தில் வழிந்துவிட்டது. துடைத்தேன், கல்லில் பரவிவிட்டது. போகாது என்கிறார்கள்.

பிறகு வரிசையில் நின்றார்கள். மாமா முன் வரிசையில் நின்றார், ஹிசா அத்தைக்கும் யசுவோவுக்கும். நான் முன்பு நின்ற இடத்துக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த சுமி அத்தை நகரவும் இல்லை. ஆனால் கால் நிற்கவில்லை அக்கா. பின்னால் போனேன். பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர்களும் நிற்பார்கள். அவர்களுக்கும் பின்னால், மரத்தடியில், ஆளை இழக்காத வீட்டுக்காரனாக நான் ஒருவன் நின்றேன். அப்பா அங்கே நின்றதே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு அந்த இடம் என்ன என்றே தெரியாது.

இலையுதிர் காலத்தில் அறுவடை. யார் வருவார்கள் என்று தெரியவில்லை. இகுயோவும் மகனும் நானும் அறுத்துக்கொள்வோம்.

குடும்ப நீதிமன்றத்தில் மரண அறிவிப்பை ரத்து செய்ய விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். உங்களை அழைக்கும் காகிதம் இத்துடன் வருகிறது, என் முத்திரையோடு.

மாமா தினமும் மாலை எங்கள் வாசல் வழியாக நடக்கிறார். உள்ளே வருவதில்லை. தபால் வந்ததா என்று கேட்பதும் இல்லை. வீட்டில் பின்பக்க அறைக்குப் புதுப் பாய் போட்டிருக்கிறார் என்று இகுயோ சொன்னாள்.

நோபுகோவிடம் சொன்னீர்களா?

தொகுஜி


1974 அக்டோபர் 3

தொகு,

காகிதம் வந்தது. மகன் அதைப் பெட்டியில் வைக்கவிடாமல் சுவரில் ஒட்ட வேண்டும் என்கிறான்.

அவளிடம் சொல்லிவிட்டேன். சோயா அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று அவளுடைய கிராமத்துக்குப் போனேன். அவள் வயலில் இருந்தாள். அரிவாள் இடது கையில் இருந்தது. அதை மாமாவிடம் சொல். அதை மட்டும் சொல்.

வரப்பில் உட்கார வைத்து, "நீ இங்க பொறந்தவ இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள். "சின்ன வயசுல பசங்க எதிரிக் குட்டின்னு கூப்பிட்டுக் கல்லெறிவாங்க. அப்பாகிட்டப் போயி அழுவேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. ஒண்ணும் சொல்லாம மரத்தை இழைச்சுக்கிட்டே இருப்பார்."

உன்னைக் கொண்டுவந்து விட்டவள் நான் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தையில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு இல்லை. ஊரில் உன் பேர் ஒரு கல்லில் இருக்கிறது, வருஷா வருஷம் அதன் முன்னால் சோறு வைக்கிறார்கள் என்றேன்.

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"யாரு சாப்பிட்டா?"

எனக்குச் சட்டென்று வேறு எதுவும் தோன்றவில்லை. "காக்கா" என்றேன்.

"நல்லவேளை, வீணாப் போகலை" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்து வரிசையில் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வயிற்று வலி என்று சொன்னேன்.

அம்மா எங்கே கிடக்கிறாள் என்று கேட்டாள். காட்டினேன். அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. தானியக் கிடங்கு இருக்கிறது. கிடங்குக் காவலாளிக்குப் பயந்து நாங்கள் நிற்கவில்லை. நடந்துகொண்டே பார்த்தோம்.

திரும்பி வரும் வழியில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அவரைப் பார்க்கணும்னு எனக்குத் தோணலைன்னு சொல்லலை. ஆனா வீட்ல ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்கார். கோட்டுக்குள்ள வச்சு என்னைக் கொண்டுவந்தவர். இப்ப நான் எங்கயோ கடல் தாண்டிப் போறேன்னு அவர் காதுல விழுந்தா, அன்னிக்கே போயிடுவார். அவரு இருக்கற வரைக்கும் எனக்கு அப்பா ஒருத்தர்தான். அதுக்கப்புறம் என்னன்னு இப்பக் கேட்காத அத்தை."

அத்தை என்று கூப்பிட்டாள். நம் மொழியில் இல்லை. இங்கே கூப்பிடுகிற மாதிரி.

இதைக் கடிதத்திலிருந்து படித்துக் காட்ட முடியாது, தொகு. புதுப் பாய் போட்டு வைத்திருக்கிற மனிதருக்கு உன் வாயால் சொல்லாதே. ஏற்கெனவே ஒரு தடவை நீ சொல்லியாயிற்று. இது நான் சொல்ல வேண்டியது. அவர் என்னைத் திட்டட்டும். எங்கே விட்டாய், ஏன் விட்டாய், ஏன் அத்தனை வருஷம் சந்தையில் சிரித்துவிட்டு வந்தாய் என்று கேட்கட்டும். எதற்கும் நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆனால் நேரில் கேட்டால் ஒருவேளை ஏதாவது சொல்வேன்.

அரிவாள் பற்றிச் சொன்னதும், எப்போது வருகிறாள் என்று கேட்பார். மிசாவோ வந்து சொல்வாள் என்று சொல்லிவிடு.

நடவுக்கு ஆள் வராவிட்டால் எனக்கு எழுது. எனக்கு நடத் தெரியும். இங்கே நெல் கொஞ்சம்தான் போடுகிறோம் என்றாலும் கை மறக்கவில்லை. அனுமதி எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆகஸ்டுக்குள் வந்துவிடுவேன் என்று வைத்துக்கொள்.

ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முன் வரிசை இழந்தவர்களுக்கு. நடுவில் பிள்ளைகளும் அதிகாரிகளும். கல்லில் பேர் இருக்கிறவள் நடந்து வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று உங்கள் கூட்டத்தில் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். அவர்களைக் கேட்க வேண்டாம்.

மரத்தடியில் எனக்கும் கொஞ்சம் இடம் வை.

மிசாவோ